ஹொங்கொங் சிறையில் ஒரு ஹைதராபாத் கப்டன்

1946 ஏப்ரலில் லண்டன் வர்த்தமானியில் ஒரு பெயர் வெளியானது: கப்டன் மதீன் அஹ்மத் அன்சாரி, 7ஆவது ராஜ்புத் ரெஜிமென்ட். மரணத்துக்குப் பின்னரான ஜோர்ஜ் சிலுவை. காரணம் என்று பெரிதாக ஒன்றும் எழுதப்படவில்லை. அபாயமான வேலையை மிகத் துணிவோடு செய்தார் என்ற கருத்தில் ஒரு வசனம், அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்துக்குள் ஏறத்தாழ ஒன்றரை வருடச் சித்திரவதை அடங்கிக் கிடக்கிறது.

உலக யுத்தங்களில் விருது பெற்ற முஸ்லிம்களைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது பெரும்பாலும் குதாதாத் கானோடு ஆரம்பிப்பார்கள். அதில் நியாயமும் உண்டு. 1911 வரை இந்தியச் சிப்பாய் எவருக்கும் விக்டோரியா சிலுவை கிடையாது. அந்த விதி தளர்ந்து மூன்று வருடத்தில், 1914 ஒக்டோபர் 31இல், பெல்ஜியத்தின் ஹொலபெக் கிராமத்தில் 129ஆவது பலூச்சிப் படையின் இயந்திரத் துப்பாக்கியோடு நின்றவர் அவர். அதிகாரி காயப்பட்டார், மற்றத் துப்பாக்கி ஷெல்லடியில் நொறுங்கியது, கூட இருந்த ஐந்து பேரும் மாண்டார்கள். தானும் காயப்பட்ட நிலையில் குதாதாத் கான் கடைசிவரை சுட்டுக்கொண்டே இருந்தார். செத்துப்போனார் என்று எதிரி விட்டுவிட்டுப் போக, இரவில் ஊர்ந்து ஊர்ந்து தன் படைக்குத் திரும்பி வந்தார். விக்டோரியா சிலுவை பெற்ற முதல் தெற்காசியச் சிப்பாய் அவர்தான். 1971இல் பாகிஸ்தானில் மௌத்தானார்.

அது துப்பாக்கியின் வீரம். அன்சாரியின் கதை வேறு. அவர் கையில் அப்போது ஒன்றுமே இருக்கவில்லை.

ஜோர்ஜ் சிலுவை 1940 செப்டெம்பரில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் ஏற்படுத்தியது. லண்டன்மீது குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். எதிரியோடு நேருக்கு நேர் பொருதும் களத்துக்கு வெளியே காட்டப்படும் துணிவுக்கு, முக்கியமாகச் சாதாரண குடிமக்களுக்கு, ஒரு விருது தேவைப்பட்டது. கொழும்பில் குண்டு விழுந்த 1942 ஏப்ரல் 5க்குப் பத்து நாள் கழித்து மால்ட்டா என்ற முழுத் தீவுக்குமே இதைக் கொடுத்தார்கள். ஈமான் கொண்ட மனிதருக்குச் சிலுவையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அது பதக்கத்தின் வடிவம் மட்டுமே. அதை வாங்கிய முஸ்லிம்கள் அதனால் மார்க்கத்தை விட்டுவிடவில்லை.

அன்சாரி ஹைதராபாத்தைச் சேர்ந்தவர். 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் ஹொங்கொங்கைத் தாக்கியபோது அவருடைய 5/7 ராஜ்புத் படைப்பிரிவும் 2/14 பஞ்சாப் படைப்பிரிவும் அங்கே காவலில் இருந்தன. 18ஆம் திகதி இரவு ஜப்பானியர் தீவின் வடகிழக்குக் கரையில் இறங்கினர். அந்தக் கரையைக் காத்து நின்றது ராஜ்புத் பிரிவு. விடிவதற்குள் அது ஏறக்குறைய அழிந்தேபோயிற்று. கிறிஸ்மஸ் தினத்தன்று ஹொங்கொங் சரணடைந்தது. அன்சாரி கைதியானார்.

இனித்தான் விடயம் இருக்கிறது. இந்தியக் கைதிகளை வெள்ளையரிடமிருந்து பிரித்து வேறு முகாமில் போட்டார்கள். நோக்கம் தெளிவானது. சிங்கப்பூர் விழுந்து இரண்டே நாளில், 1942 பெப்ரவரி 17இல், ஃபாரர் பார்க் மைதானத்தில் ஏறத்தாழ 45,000 இந்தியக் கைதிகளை ஒன்றுகூட்டி, பிரித்தானியரை விட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேருமாறு கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். ஹொங்கொங்கிலும் அதே முயற்சிதான். அன்சாரி ஹைதராபாத் ஆட்சியாளர் குடும்பத்துக்கு உறவானவர் என்று ஜப்பானியருக்குத் தெரியவந்ததும் அவர்களுக்குப் பெரிய மீன் அகப்பட்ட மாதிரி. இப்படிப்பட்ட ஒருவர் வாயைத் திறந்தால் முகாமே திரும்பிவிடும். பிரித்தானிய விசுவாசத்தைக் கைவிடு, உன் ஆட்களிடமும் சொல் என்றார்கள். அவர் மறுத்தார்.

1942 மேயில் ஸ்டான்லி சிறையில் அடைத்தார்கள். பட்டினி போட்டார்கள், அடித்தார்கள். பிறகு முகாமுக்குத் திருப்பி அனுப்பினார்கள், மனம் மாறியிருக்கும் என்று. மாறவில்லை. மறுபடியும் ஸ்டான்லி சிறை. இந்தமுறை ஐந்து மாதம். மறுபடியும் முகாம். அங்கே வந்த மனிதர் படுத்துக் கிடந்து உடம்பைத் தேற்றிக்கொண்டாரா என்றால், இல்லை. மற்றக் கைதிகள் தப்பிச்செல்வதற்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினார். சீனப் பகுதியிலிருந்து இயங்கிய பிரித்தானிய இராணுவ உதவிக் குழு முகாம்களோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்த காலம் அது. கடைசியில் காட்டிக்கொடுக்கப்பட்டு, பிரித்தானியர், சீனர், இந்தியர் என முப்பதுக்கு மேற்பட்டோரோடு சேர்த்து மரணதண்டனை விதிக்கப்பட்டார். 1943 ஒக்டோபர் 29இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். வயது முப்பதைத் தொடவில்லை.

அன்று அவரோடு கொல்லப்பட்டவர்களில் ஒருவர் ஜோன் அலெக்சாண்டர் பிரேசர். ஹொங்கொங்கின் உதவிச் சட்டமா அதிபர். முதல் உலக யுத்தத்தில் இருமுறை இராணுவச் சிலுவை வாங்கியவரென்றாலும் இப்போது சிவில் உத்தியோகத்தர், குடிமக்கள் முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். முகாமிலிருந்து தப்புவதற்குத் திட்டம் போட்டதோடு, வெளியுலகச் செய்தி உள்ளே வருவதற்கும் வழி செய்தவர். கூட்டாளிகளின் பெயரைச் சொல்லுமாறு வதைத்தார்கள், அவரும் சொல்லவில்லை. ஸ்கொட்லாந்துச் சட்டத்தரணியும் ஹைதராபாத் கப்டனும் ஒரே நாளில், ஒரே குற்றச்சாட்டின் நிழலில் மாண்டு, ஒரே விருதைப் பெற்றார்கள்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன் எழும்பிக் கேட்டான்: "சேர், வெள்ளைக்காரன் நாட்டப் புடிச்சி வச்சிருந்தவன். அவனுக்காக ஏன் இவர் சாகோணும்?" நல்ல கேள்வி. அதை மழுப்பிவிட்டு அன்சாரியைப் புகழ்வதில் அர்த்தமில்லை.

ஏனென்றால் அதே 1942 மே மாதத்தில் நமது இலங்கைப் பட்டாளத்தார் சிலர் நேர்மாறான பாதையில் போனார்கள். கொக்கோஸ் தீவுகளில் காவலிருந்த இலங்கைக் காவற்படைப் பீரங்கிப் பிரிவினர், கிரேஷன் பெர்னாண்டோவின் தலைமையில், மே 8 இரவு கிளர்ச்சி செய்தார்கள். தீவை ஜப்பானியரிடம் ஒப்படைப்பது அவர்கள் எண்ணம். இயந்திரத் துப்பாக்கி இறுகிக்கொண்டது, கிளர்ச்சி அடங்கியது. கூடப் பணிபுரிந்த ஓர் இலங்கைச் சிப்பாய்தான் அதில் உயிரிழந்தவர். ஆகஸ்ட் மாதம் வெலிக்கடையில் பெர்னாண்டோவும் வேறு இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் கலகக் குற்றத்துக்காகப் பொதுநலவாயப் படையினர் தூக்கிலிடப்பட்டது இந்த ஒரு சம்பவத்தில் மட்டுமே. தூக்குமேடையிலும் பெர்னாண்டோ மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டு பேரும் குடியேற்ற நாட்டுப் பிள்ளைகள். இரண்டு பேரும் வளைந்துகொடுக்கவில்லை. ஒருவருக்குச் சிலுவை, மற்றவருக்குக் கயிறு. யார் பக்கம் நின்றார்கள் என்பதை வைத்துத்தான் அரசுகள் துணிவை எடைபோடும் என்பது இதில் பச்சையாகத் தெரிகிறது.

ஆனால் நான் அந்தப் பையனுக்கு இன்னொன்றையும் சொன்னேன். அன்சாரியின் முன்னால் இருந்தது வெள்ளையனா சுதந்திரமா என்ற தெரிவு அல்ல. தன்னை நம்பியிருந்த சிப்பாய்களைக் கூட்டிப்போய் இன்னொரு ஏகாதிபத்தியத்தின் கையில் கொடுப்பதா இல்லையா என்பதே. அந்த ஏகாதிபத்தியம் சீனாவில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை ஹொங்கொங்கில் இருந்தவனுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அதோடு, தப்பிச்செல்ல உதவினாரே, அது இலண்டனிலிருந்த மன்னருக்காகவா? பக்கத்துப் பாயில் கிடந்தவனுக்காக. விசுவாசம் என்ற சொல்லை வர்த்தமானி ஒருவிதமாக வாசித்தது. நாம் வேறு விதமாக வாசிக்கலாம்.

மற்றப் பக்கத்தையும் குறைத்துச் சொல்லக்கூடாது. இந்திய தேசிய இராணுவத்தின் ஷா நவாஸ் கானும் முஸ்லிம்தான், அன்சாரியைப் போலவே பிரித்தானிய இந்தியப் படையின் அதிகாரி. 1945 நவம்பரில் செங்கோட்டையில் அவரையும் சேகலையும் தில்லோனையும் விசாரணைக்கு நிறுத்தியபோது இந்தியா முழுவதும் கொந்தளித்தது. ஆயுட்காலத் தண்டனை விதிக்கப்பட்டு, 1946 ஜனவரி ஆரம்பத்தில் அது தள்ளுபடியும் ஆனது. அடுத்த மாதம் கடற்படையினர் கிளர்ந்தார்கள். அதற்கும் இரண்டு மாதம் கழித்துத்தான் அன்சாரியின் பெயர் வர்த்தமானியில் வந்தது. வெள்ளையனிடம் விருது வாங்கியவனைக் கொண்டாடுவதற்கு அப்போது இந்தியாவில் யாருக்கு மனம் இருந்திருக்கும்? அடுத்த வருடம் நாடு இரண்டாகப் பிரிந்தது. 1948இல் ஹைதராபாத் சமஸ்தானமும் இல்லாமற் போயிற்று. குதாதாத் கானைப் பாகிஸ்தான் தன்னவராக ஏற்றுக்கொண்டது. அன்சாரிக்கு உரிமை கோர ஒரு நாடும் முன்வரவில்லை என்றே சொல்லவேண்டும்.

ஜோர்ஜ் சிலுவை பெற்ற இன்னொரு முஸ்லிம், நூர் இனாயத் கான், இன்று நன்றாக அறியப்பட்டவர். திப்பு சுல்தானின் வழித்தோன்றல். பாரிஸில் இரகசிய வானொலி இயக்குநராக இருந்து பிடிபட்டு, 1944 செப்டெம்பரில் டாஹவ் முகாமில் சுட்டுக்கொல்லப்பட்டவர். விருது 1949இல் வந்தது. அவரைப் பற்றி நூல்களும் வந்தன, லண்டனில் சிலையும் எழும்பியது. தமிழர் ஒருவருக்கும் இந்த விருது உண்டு: மதராஸ் சப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பெப்ரவரியில் இத்தாலியின் மின்யானோவில் மிதிவெடியொன்று கிளம்பியபோது, கூட இருந்தவர்களைக் காப்பதற்காக அதன்மேல் பாய்ந்து விழுந்தார். அவருக்கு முடிவெடுக்கக் கிடைத்தது சில விநாடிகள்தான். நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. ஆனாலும் அன்சாரியின் பாடு எனக்கு இன்னும் கடினமாகத் தோன்றுகிறது. அவருக்குத் தினமும் காலையில் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. இன்றைக்குச் சரி என்றால் இன்றைக்கே சோறு. அதை மறுத்து மறுநாளும் மறுப்பதற்கு அரபியில் நாம் ஒரு சொல் வைத்திருக்கிறோம், ஸப்ர். அதைப் பொறுமை என்று மட்டும் தமிழாக்கிப் பழகிவிட்டோம். நிலைகுலையாமல் நிற்பது என்பதும் அதன் பொருள்தான்.

அன்சாரியின் பெயர் ஹொங்கொங்கில், ஸ்டான்லி இராணுவ மயானத்தில் இருக்கிறது. சிறைச்சாலை அங்கிருந்து நடந்துபோகும் தூரம்தான்.