ஆறாத மனக்காயமும் கண் அசைவு சிகிச்சையும்

2021 நவம்பர் 19 அதிகாலையில், தொடர்மழைக்குப் பேர்ணாம்பட்டில் ஒரு வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து 9 பேர் மரணமடைந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்ததில், தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். விரிஞ்சிபுரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையில் வாழும் நம் குடும்பங்களுக்கு இவை அடுத்த ஊர்ச் செய்திகள்.

இப்படிப்பட்ட விபத்திலிருந்து தப்பியவர்கள், கண்ணால் கண்டவர்கள், உறவை இழந்தவர்கள் சிலருக்கு, ஜனாஸா அடக்கம் முடிந்து மாதங்கள் ஆன பிறகும் மனம் அந்த நேரத்திலேயே நின்றுவிடும்.

அறிகுறிகள் என்ன?

நடந்தது இப்போது நடப்பதுபோல் திரும்பத் திரும்பக் கண்முன் வரும். கெட்ட கனவுகள் வரும். சின்னச் சத்தத்துக்கும் உடல் தூக்கிவாரிப்போடும். அந்த இடத்தையும் அந்தப் பேச்சையும் தவிர்ப்பார்கள். யாரிடமும் ஒட்டாமல் இருப்பார்கள். முதல் சில வாரங்களில் இது இயல்பு. பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுவார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, தொழிலையும் வீட்டையும் பாதித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதை ‘ஈமான் குறைவு’ என்றோ, ‘காற்று கருப்பு’ என்றோ ஒதுக்குவது தவறு. மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் கூறுகிறது. துஆவும் தொழுகையும் நெஞ்சுக்கு ஆறுதல் தருபவை. அவற்றோடு மருத்துவமும் செய்துகொள்ளத் தடையில்லை.

கண் அசைவு சிகிச்சை

இ.எம்.டி.ஆர். என்று அழைக்கப்படும் இம்முறையை அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ 1987இல் உருவாக்கத் தொடங்கினார். 2013இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலில் இதைச் சேர்த்தது. 2001 குஜராத் பூகம்பத்துக்குப் பிறகும் 2004 சுனாமிக்குப் பிறகும் இந்தியாவிலும் இலங்கையிலும் பலருக்கு இதில் பயிற்சி அளிக்கப்பட்டது.

இதில் 8 கட்டங்கள் உண்டு. முதலில் வரலாறு கேட்பார்கள். மனதை நிதானப்படுத்தும் பயிற்சி தருவார்கள். பிறகு, அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் அசைவதைக் கண்ணால் பின்தொடரச் சொல்வார்கள். கண்ணுக்குப் பதிலாக இரு கைகளிலும் மாறி மாறித் தட்டுவதும் உண்டு. வேதனை எவ்வளவு என்று 0 முதல் 10 வரை கேட்டு, அது இறங்கும்வரை தொடர்வார்கள். ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடம். பொதுவாக 6 முதல் 12 அமர்வுகள் ஆகலாம்.

இது வசியமோ மயக்கமோ அல்ல. முழு விழிப்போடுதான் இருப்பார்கள். நினைவும் அழிந்துவிடாது. அதன் கூர்மைதான் மழுங்கும். நினைவைப் பிடித்துக்கொண்டே கண்ணையும் அசைக்கும்போது மனம் இரண்டுக்கும் பங்கிடப்படுவதால் காட்சி மங்குகிறது என்பது ஒரு விளக்கம். பலன் தருவது கண் அசைவா, நினைவைப் பாதுகாப்பாக எதிர்கொள்வதா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு.

நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இதில் இல்லை. வாய்திறந்து சொல்லக் கூசும் கொடுமைகளைச் சுமக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது பெரிய வசதி.

கவனிக்க வேண்டியவை

வீடியோ பார்த்து வீட்டில் செய்யக்கூடாது. பாதியில் விட்டால் வேதனை கூடலாம். வலிப்பு, கண் நோய், கர்ப்பம், தற்கொலை எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சிகிச்சையாளர் இம்முறையில் பயிற்சி பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். நினைவை மையமாக வைத்த வேறு பேச்சு சிகிச்சைகளும் பலன் தருபவையே.

எங்கே போவது?

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்குள்ள வழக்கம். வெளியே செல்லத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

வீட்டில் ஒருவர் இப்படி அவதிப்பட்டால் ‘மறந்துவிடு’ என்று வற்புறுத்தாதீர்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள். முதல் தடவை மருத்துவரிடம் போகும்போது உடன் செல்லுங்கள்.