சங்கிலியும் பற்சில்லும்: மோட்டார் பூட்டிய துவிச்சக்கரவண்டியின் வரலாற்றில் மருதானை

இயந்திரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எஞ்சினின் வரலாற்றையே எழுதுகின்றனர். நீராவி எஞ்சின், பெற்றோல் எஞ்சின், மின்மோட்டார் என அவ்வரலாறு வலுவைப் பிறப்பிக்கும் உறுப்புக்களின் வழியே நடக்கின்றது. பிறந்த வலுவைச் சில்லுக்குக் கொண்டு செல்லும் சங்கிலியும் அச்சங்கிலியைத் தாங்கும் பற்சில்லும் ஓர் அடிக்குறிப்பளவிற் பேசப்படுவதே அரிது. அவற்றைத் திருத்தும் கைகளோ அடிக்குறிப்பிலும் இடம் பெறுவதில்லை. ஆயினும் இலங்கை போன்ற ஒரு நாட்டில், இறக்குமதி தடைப்பட்ட காலங்களிலெல்லாம் வண்டிகள் ஓடியதற்குக் காரணமாயிருந்தவை அக்கைகளே. சங்கிலிப் பழுது எவ்வாறு தோன்றியது, அதனைத் தீர்க்கும் அறிவு இந்நாட்டில் எங்கே தங்கியது என்பனவற்றை மருதானையை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கிலியின் தோற்றம்

பற்களில் விழுந்து இயங்கும் சங்கிலி புதியதன்று. இத்தாலியக் கலைஞர் லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளிலே அத்தகைய சங்கிலிகளின் வரைபடங்கள் உள்ளன. பிரான்சில் 1829 இல் அந்திரே கால் என்பவர் தகடுகளை முளைகளாற் கோத்த சங்கிலியொன்றை உருவாக்கினார். 1864 இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் சிலேற்றர் சங்கிலியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சிலேற்றரின் சிறு தொழிலகத்தை 1879 இல் விலைக்கு வாங்கிய சுவிற்சர்லாந்தவரான ஹான்ஸ் றெனோல்ட், 1880 இல் உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் வழங்குவது இச்சங்கிலியின் வழிவந்ததே.

றெனோல்டின் சிறப்பு எதில் அடங்கியுள்ளது? முன்னைய சங்கிலிகளிலே மெல்லிய தகட்டின் துளை விளிம்பு முளையின்மேல் உராய்ந்தது. உராயும் பரப்புச் சிறிதாதலின் தேய்வு விரைவாக ஏற்பட்டது. றெனோல்ட் முளையின்மேல் ஒரு குழாயை அமைத்து, அக்குழாயின்மேல் ஓர் உருளையைச் சுழலவிட்டார். உராய்வு முளையின் முழு நீளத்திலும் பரந்தது. பல்லின்மேற் சங்கிலி உராயாது உருண்டது. 1885 இல் கொவென்றி நகரத்தில் ஜே. கே. ஸ்ராளி வெளியிட்ட 'றோவர்' வண்டி, பின்சில்லைச் சங்கிலியால் இயக்கும் இன்றைய துவிச்சக்கரவண்டிக்கு வடிவம் தந்தது. 1888 இல் டன்லப் காற்றடைத்த ரயரை அமைத்தார். இவ்விரண்டும் சேர்ந்தபோது துவிச்சக்கரவண்டி எளியோரின் வாகனமாயிற்று.

மோட்டார் வந்தபோது நேர்ந்தது

துவிச்சக்கரவண்டியில் எஞ்சினைப் பூட்ட முயன்றோர் முதலிற் சங்கிலியை நாடவில்லை என்பது கவனித்தற்குரியது. 1885 இல் டைம்லரும் மைபாக்கும் அமைத்த வண்டி பட்டியைப் பயன்படுத்தியது. 1894 இல் மியூனிக் நகரத்தில் விற்பனைக்கு வந்த ஹில்டபிரான்ட்–வூல்ஃப்முல்லர் வண்டியில், புகையிரத எஞ்சினிற்போலத் தண்டுகளே பின்சில்லை நேராகச் சுழற்றின. அதன் பின்னரும் பலர் தோற்பட்டியையே விரும்பினர். எஞ்சினின் ஒவ்வோர் அதிர்வையும் பட்டி சிறிது வழுக்கி உள்வாங்கிக்கொள்ளும். ஆதலின் ஓட்டம் மென்மையாயிருக்கும். ஆனால் மழையில் நனைந்த பட்டி பெரிதும் வழுக்கியது. ஏற்றத்தில் வண்டி நின்றது. 1901 இல் அமெரிக்காவில் தோன்றிய 'இந்தியன்' வண்டி தொடக்கத்திலிருந்தே சங்கிலியைக் கையாண்டது. காலப்போக்கிற் பிறரும் அவ்வழியே சென்றனர்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இச்சிக்கல் புதிய வடிவில் எழுந்தது. போரினால் வறுமையுற்ற நாடுகளில், இருக்கும் துவிச்சக்கரவண்டியிலேயே பூட்டக்கூடிய சிறு எஞ்சின்கள் பெருகின. இத்தாலியின் 'குச்சியோலோ' என்னும் 48 கனசென்ரிமீற்றர் எஞ்சின் 1945 அளவில் தோன்றியது. 1946 முதல் அதனை டுக்காற்றி நிறுவனம் செய்தது. அது மிதிபலகையின் அச்சருகே அமைந்து, வண்டியின் சொந்தச் சங்கிலியையே பயன்படுத்தியது. பிரான்சின் 'வெலோசொலெக்ஸ்' 1946 இல் விற்பனைக்கு வந்தபோது சங்கிலியை முற்றாகத் தவிர்த்து, முன்ரயரின்மேல் அழுத்தும் உருளையால் வண்டியை ஓட்டியது. ஜப்பானிற் சொயிச்சிரோ ஹொண்டா, இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின் வழங்கிய சிறு எஞ்சின்களை 1946 இல் துவிச்சக்கரவண்டிகளிற் பூட்டி விற்றார். 1947 இல் வந்த அவரது ஏ வகை எஞ்சின் பட்டியையும், 1952 இல் வந்த கப் எஃப் வகை சங்கிலியையும் பயன்படுத்தின. 1958 இல் வெளிவந்த 'சுப்பர் கப்' வண்டியிலோ சங்கிலி முழுவதும் ஓர் உறைக்குள் மூடப்பட்டது. 2017 இற்குள் 10 கோடிக்கு மேல் செய்யப்பட்ட அவ்வண்டியின் வெற்றிக்கு, மழைக்கும் மணலுக்கும் எட்டாத அச்சங்கிலியும் ஒரு காரணம் எனலாம்.

பழுதின் இயல்பு

சங்கிலிக்கு மோட்டார் தந்த துன்பம் யாது என்பதை எளிய கணக்கொன்றாற் காட்டலாம். சாதாரணமாக மிதிப்பவர் தொடர்ந்து தரும் வலு ஏறத்தாழ 75 உவாற்று. ஒரு குதிரைவலுவின் பத்திலொரு பங்கு. சிறு எஞ்சினோ ஒரு குதிரைவலுவுக்கு மேலும் தரும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்துச் செல்லும் வண்டியில், 18 பற்களைக் கொண்ட பின் பற்சில்லை நிமிடத்திற்கு ஏறக்குறைய 2,000 கண்ணிகள் கடக்கின்றன. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் மோட்டார் வண்டியில், 44 பற்களைக் கொண்ட பின் பற்சில்லை 10,000 கண்ணிகளுக்கு மேற் கடக்கின்றன. கண்ணி ஒவ்வொன்றும் பற்சில்லில் ஏறும்போதும் இறங்கும்போதும் மடிகின்றது. ஒவ்வொரு மடிப்பிலும் முளை தேய்கின்றது. மேலும் காலின் விசை எழுந்து தாழும், ஆனால் அறையாது. எஞ்சினின் விசையோ ஒவ்வொரு வெடிப்பிலும் சங்கிலியை அறைகின்றது.

சங்கிலி 'இழுபட்டுவிட்டது' என்று வழக்கிற் கூறுவர். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. முளையும் குழாயும் தேய, கண்ணிகளுக்கிடையிலான தூரம் சிறிது சிறிதாகக் கூடுகின்றது. அரை அங்குலக் கண்ணிகள் 24 சேர்ந்தால் 12 அங்குலம் இருத்தல் வேண்டும். அது 12⅛ அங்குலமானால் அச்சங்கிலியின் காலம் முடிந்தது. இதனை அளக்க ஓர் அளவுகோலே போதும். தேய்ந்த சங்கிலி பற்களின் அடியிலிருந்து விலகி நுனியை நோக்கி ஏறும். பற்கள் கொக்கிபோல வளையும். வளைந்த பல்லிற் புதுச் சங்கிலியை இட்டால் அதுவும் விரைவிற் கெடும். ஆதலினாலேயே சங்கிலியையும் பற்சில்லையும் ஒருங்கே மாற்றுவர். பணம் குறைந்தவர் ஒன்றை மட்டும் மாற்றுகின்றார். சில மாதங்களில் இருமடங்கு செலவழிக்கின்றார்.

மூன்று பிழைகள் பெரும்பாலும் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. முதலாவது நேரின்மை. எஞ்சினின் பற்சில்லும் பின்சில்லின் பற்சில்லும் ஒரே தளத்தில் நில்லாவிடிற் சங்கிலி பக்கவாட்டில் உராய்ந்து, ஈற்றிற் கழன்றுவிடும். மோட்டார் பூட்டிய துவிச்சக்கரவண்டியில் இது பெருந்தொல்லை. ஏனெனில் இரண்டாவது பற்சில்லுக்கென அமைக்கப்படாத சில்லில், கம்பிகளோடு சேர்த்து அதனை இறுக்குகின்றனர். ஓர் ஆணி கூடுதலாக இறுகினாலும் பற்சில்லு கோணிச் சுழலும். அப்போது சங்கிலி ஒரு புறத்தில் இறுகியும் மறுபுறத்தில் தளர்ந்தும் காணப்படும். இரண்டாவது இழுவைப் பிழை. மிக இறுகிய சங்கிலி அச்சின் குண்டுப்போதிகையைக் கெடுக்கும். மிகத் தளர்ந்தது பல்லிலிருந்து தாவும். சில்லை மெதுவாகச் சுழற்றி, சங்கிலி மிக இறுகும் இடத்தைக் கண்டு, அவ்விடத்திலேயே தளர்வை அளப்பது திருத்துநரின் முறை. மூன்றாவது பூட்டுக்கண்ணியின் கிளிப்பை மாறிப் போடுதல். அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கவேண்டும். திறந்த முனை முன்னே நின்றாற் தடையொன்றிற் பட்டுக் கழன்றுவிடக்கூடும். ஓடும் வண்டியிற் சங்கிலி கழன்று சில்லுக்குள் சிக்கினால் பின்சில்லு அக்கணமே நின்றுவிடும். ஓர் அங்குலத் தகட்டின் திசை ஓர் உயிரின் பாதுகாப்பாக அமைவதை இங்கே காணலாம்.

சிறிய பற்சில்லுக்கு இன்னொரு குறையும் உண்டு. சங்கிலி வட்டத்திலே செல்லாது பல்கோணத்திலே செல்கின்றது. 10 பற்களாயின் அதன் வேகம் ஒரு சுழற்சியிலேயே ஏறக்குறைய 5 வீதம் ஏறித் தாழும். 18 பற்களாயின் 1.5 வீதமே. சிறு பற்சில்லுள்ள வண்டி அதிர்வதற்கு இது ஒரு காரணம்.

மருதானை

இவ்வறிவு இலங்கையில் எங்கே சேர்ந்தது? கொழும்பின் மருதானை அதற்குரிய இடங்களுள் முதன்மையானது. தீவின் புகையிரதப் போக்குவரத்தின் பெருவாயில் அது. இரத்மலானைக்கு இடம்மாறுவதற்கு முன் புகையிரதத் தொழிற்சாலையும் அங்கேயே இருந்தது. 1893 இல் அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை, கைவிடப்பட்டிருந்த மருதானைப் புகையிரத நிலையக் கட்டடத்திலே தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. அதன் உயர்கல்விப் பகுதி 1966 இற் கட்டுபெத்தையிற் புதிய கல்லூரியாகி, 1978 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. நாட்டின் பொறியியற் கல்வியின் ஒரு பெருங்கிளைக்கு மருதானை வேராயிற்று.

அதே மருதானையின் பஞ்சிகாவத்தையிலே வேறொரு கல்விக்கூடம் வளர்ந்தது. அதற்குப் பாடநூல் இல்லை; சான்றிதழும் இல்லை. கழற்றிய வண்டிகளின் உறுப்புக்கள் விற்கப்படும் கடைவரிசைகளே அக்கூடம். துவிச்சக்கரவண்டிக்குரிய உறுப்புக்களைத் தேடுவோர் டாம் வீதிக்கும், மோட்டார் வாகன உறுப்புக்களைத் தேடுவோர் பஞ்சிகாவத்தைக்கும் செல்வது கொழும்பின் வழக்கம். மோட்டார் பூட்டிய துவிச்சக்கரவண்டியோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதன் சட்டகம் டாம் வீதிக்குரியது. சங்கிலியின் வலிமையோ பஞ்சிகாவத்தைக்குரியது. ஒன்றின் பற்சில்லை மற்றொன்றின் சங்கிலியோடு பொருத்துவதற்குக் கண்ணியின் நீளத்தோடு அகலத்தையும் அறியவேண்டும். துவிச்சக்கரவண்டிச் சங்கிலிக்கும் பல சிறு மோட்டார் சைக்கிள்களின் சங்கிலிக்கும் கண்ணி நீளம் அரை அங்குலமே. அகலமோ முன்னதில் அங்குலத்தின் எட்டிலொன்று, பின்னதில் அதனிலும் மிகக் கூடியது. ஒத்ததுபோலத் தோன்றி ஒவ்வாத இவ்விரண்டையும் கையினால் தொட்டறிவதே அங்குள்ள கல்வி.

அக்கல்வியின் மொழியும் தனித்தன்மை வாய்ந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் கலந்து வாழும் மருதானையிலே 'செயின்', 'பிறீவீல்', 'புஷ்' என்னும் சொற்கள் எல்லா நாவுக்கும் பொதுவாயின. பாடநூல்கள் 'பற்சில்லு' என்று கற்பித்தபோதும் பட்டறை அதனை ஏற்கவில்லை. நூல் மொழியும் பட்டறை மொழியும் இவ்வாறு பிரிந்து நின்றமையே, பட்டறையின் அறிவு நூலேறாது போனமைக்கு ஒரு காரணமாகும்.

தட்டுப்பாடு என்னும் ஆசான்

1970 முதல் 1977 வரை அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய உறுப்பு கிடைப்பது அரிதாகிய அக்காலத்திலே பழையதைத் திருத்துவதே வழியாயிற்று. தேய்ந்த பல்லுக்கு ஒட்டிரும்பு வைத்து அரத்தினால் அராவுதல், ஒரு புறம் தேய்ந்த பற்சில்லைப் புரட்டி மறுபுறத்தைப் பயன்படுத்தல், இரண்டு பழைய சங்கிலிகளின் நல்ல கண்ணிகளைத் தறைந்து ஒன்றாக்குதல், நீளம் ஒவ்வாதவிடத்து அரைக்கண்ணி சேர்த்தல் ஆகியவை இத்தகைய காலங்களுக்குரிய உத்திகள். 1977 இற் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பானிய மோட்டார் சைக்கிள்கள் பெருகின. அயலிலுள்ள தமிழ்நாட்டிலோ உற்பத்தியே நடந்தது. அம்பத்தூரில் துவிச்சக்கரவண்டிகள் செய்யப்பட்டன, ரி.ஐ. டயமன்ட் சங்கிலி நிறுவனம் 1960 இல் அமைக்கப்பட்டது, கோயம்புத்தூரின் எல்.ஜி.பி. நிறுவனம் 'றோலன்' சங்கிலிகளை வெளியிட்டது; 1980 இல் ஓசூரிலிருந்து ரி.வி.எஸ். 50 வந்தது. சங்கிலியைச் செய்யும் நாட்டிற்கும் சங்கிலியைத் திருத்தும் நாட்டிற்கும் உள்ள வேறுபாடு பாக்குநீரிணையின் அகலமே.

தட்டுப்பாட்டின் கடுமையான வடிவத்தை வடபகுதி 1990 இன் பின்னர் கண்டது. போரும் பொருளாதாரத் தடையும் எரிபொருளை அரிதாக்கின. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே துவிச்சக்கரவண்டியே நோயாளரையும் நெல்மூடையையும் விறகையும் சுமந்தது. மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. சுமை மிகுந்த வண்டியிற் சங்கிலி அறுவது ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வு அறுவதாயிற்று. தெருவோரத்திற் சுத்தியலும் தறையாணியுமாய் அமர்ந்திருந்த திருத்துநர், அவ்வாழ்வை மீண்டும் கோத்துக் கொடுத்தார்.

அண்மைக் காலத்திலும் வரலாறு இப்பாடத்தைத் திருப்பிக் கூறியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டன. துவிச்சக்கரவண்டி மீண்டும் தெருவுக்கு வந்தது. 2025 பெப்ரவரியில் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்த்தப்படும் வரை, உள்ள வண்டிகளைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

முடிவு

சங்கிலியின் வரலாறு மான்செஸ்ரரிலே தொடங்கி டோக்கியோ வழியாக மருதானைக்கு வந்து சேர்ந்த பொருளொன்றின் வரலாறு மட்டுமன்று. ஒரு நாடு தன்னிடம் இல்லாததை எவ்வாறு ஈடுசெய்தது என்பதன் வரலாறும் அதுவே. மருதானை 1893 இல் ஈன்ற கல்விமரபு ஏடுகளிலும் பட்டங்களிலும் பதிவாகியுள்ளது. அதன் அயலிலே வளர்ந்த கைம்மரபு பதிவாகவில்லை. முதிய திருத்துநர் ஒருவர் கடையை மூடும்போது, எப்பல்லுக்கு எக்கண்ணி பொருந்தும் என்ற அறிவும் அவரோடு மூடப்படுகின்றது. அடுத்த தட்டுப்பாடு வரும்போது அவ்வறிவு தேவைப்படும். அதனை அவர்தம் சொற்களிலேயே கேட்டு எழுதிவைத்தல் வரலாறு பயில்வோரின் கடமையாகும். சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியளவே என்பது பொறியியல் கூறும் உண்மை. ஒரு நாட்டின் தொழில்மரபுக்கும் அது பொருந்தும்.