கர்ப்பிணிக்கு எதற்கு எச்.ஐ.வி. பரிசோதனை?

கர்ப்பமான பிறகு முதல் தடவையாக அரசாங்க கிளினிக்குக்குப் போகிறீர்கள். தாதி பிங்க் நிறப் புத்தகத்தைத் திறந்து, "ரத்தம் எடுக்கணும்மா" என்கிறார். ரத்த வகை, ஹீமோகுளோபின், சிஃபிலிஸ், கூடவே எச்.ஐ.வி. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும், "எனக்கு எதுக்கு? என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்று சுருக்கென்கிறதா?

உங்களைப் பார்த்து யாரும் எதையும் முடிவு பண்ணவில்லை. மலேசியாவில் 1998 முதல் அரசாங்க கிளினிக்குக்கு வரும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. அதற்குப் பலனும் கிடைத்திருக்கிறது. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. தினமும் மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், அது 1 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரவுவதை ஒழித்ததற்காக 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் நாடு நாம்தான்.

மருந்து இருக்கிறது. வாயை அடக்கத்தான் மருந்து இல்லை.

மனைவியின் ரிசல்ட் பாசிட்டிவ் என்று வந்தால், பல வீடுகளில் பழி அவர் மேல்தான் விழும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: கர்ப்பம் என்பதால் அவருக்கு முதலில் ரத்தம் எடுத்தார்கள், அவ்வளவுதான். கிருமி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அந்த ரிசல்ட் சொல்லாது. அதனால் கணவர்மார்களே, "நீ போய்ட்டு வா" என்று வாசலில் இறக்கிவிடாதீர்கள். கூடவே போய் நீங்களும் ரத்தம் கொடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து ரிசல்ட் கேட்டால், "யாரால்?" என்ற சண்டைக்குப் பதிலாக "அடுத்து என்ன செய்யணும்?" என்று டாக்டரிடம் பேச முடியும்.

பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களிடம் இங்கே பொதுவாகப் பவுடர் பால் கொடுக்கச் சொல்வார்கள். குழந்தை பார்க்க வரும் அத்தையும் சித்தியும் என்ன கேட்பார்கள்? "ஏன்மா, தாய்ப்பால் கொடுக்கலையா?" பாசத்தில் கேட்பதுதான். ஆனால் பதில் சொல்ல முடியாமல் தவிப்பது அந்தப் பெண். "டாக்டர் சொன்னபடி செய்றோம் அத்தை" என்று கணவரோ மாமியாரோ முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். வந்தவருக்கு விளக்கம் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

நீங்கள் அந்த வீட்டின் தோழியா, நாத்தனாரா? தாராளமாகக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம், அதே தட்டில் சாப்பிடலாம். எச்.ஐ.வி. அப்படியெல்லாம் பரவாது.

குழந்தையின் ரத்தத்தைப் பற்றியும் அவசரப்பட்டு எதுவும் பேசிவிட வேண்டாம். தாயின் எதிர்ப்புச் சக்திக் கூறுகள் குழந்தையின் உடம்பில் சுமார் 18 மாதம் வரை இருக்கலாம். அதனால் சாதாரண எச்.ஐ.வி. பரிசோதனை பாசிட்டிவ் காட்டினாலும், குழந்தைக்குத் தொற்று இருக்கிறது என்று அர்த்தமில்லை. கிருமியையே நேரடியாகத் தேடும் பிசிஆர் பரிசோதனையை வைத்துத்தான் டாக்டர் சொல்வார்.