கணையத் தீவுகளும் நரம்பின் தூதும்

நம்மவர் எந்த மாநிலத்தில் குடியேறி வாழினும், இன்சுலின் என்னும் சொல் அவர்கள் வீட்டில் அறியப்படாததன்று. உணவு உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அதனை உணர்ந்து கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இவ்வளவே பலரும் அறிந்த செய்தி. ஆனால் சர்க்கரை ஏறுமுன்பே, உணவை நாவில் இட்டுச் சுவைத்த அளவிலேயே, சிறிதளவு இன்சுலின் வெளிப்படத் தொடங்குகிறது. இரத்தம் அறிவிக்குமுன் கணையத்திற்கு அறிவித்தது எது? இவ்வினாவின் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீண்டது.

பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்டு 1849-ஆம் ஆண்டில் முயலின் மூளையடியில் ஓரிடத்தை ஊசியால் குத்தினார். சிறிது நேரத்தில் அதன் சிறுநீரில் சர்க்கரை தோன்றியது. சர்க்கரையை ஆள்வது நரம்பே என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. இருபது ஆண்டுகள் கழிந்து, 1869-இல், பெர்லின் நகரில் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் 21 வயது மாணவர், முயலின் கணையத்தில் திட்டுத் திட்டாக அமைந்த ஒருவகை உயிரணுக்களைக் கண்டு தம் பட்ட ஆய்வேட்டில் எழுதினார். அவற்றின் பணி யாதென அவர் அறியவில்லை, அதனை ஒளிக்கவுமில்லை. ஆனால் அத்திட்டுகளை நரம்பிழைகள் அடர்ந்து சூழ்ந்திருப்பதை அவர் அன்றே குறித்து வைத்தார்.

1893-இல் லாகெஸ் என்பவர் அவற்றிற்கு ‘லாங்கர்ஹான்ஸ் தீவுகள்’ எனப் பெயரிட்டார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயரில் ஒரு ஐயம் உண்டு. தீவு என்றால் கரையோடு தொடர்பற்றது என்றே மனம் கொள்கிறது. ஒரு பெயர் நிலைத்துவிட்டால் எண்ணமும் அதன் வழியே ஓடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோமல்லவா?

பெயரைவிட வலிய காரணமும் இருந்தது. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மெரிங், மின்கோவ்ஸ்கி ஆகிய இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்ற, அந்நாய்க்கு நீரிழிவு கண்டது. 1902-இல் லண்டனில் பேய்லிஸ், ஸ்டார்லிங் ஆகியோர் குடலின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு அங்கே அமிலத்தைச் செலுத்தினர். அப்போதும் கணையம் தன் செரிமான நீரைச் சுரந்தது. ஆகவே செய்தியைக் கொண்டு சென்றது இரத்தமே என்பது தெளிவாயிற்று. ஹார்மோன் என்னும் சொல் 1905-இல் வழக்கிற்கு வந்தது. அந்த வெற்றியின் ஆரவாரத்தில், லாங்கர்ஹான்ஸ் கண்ட நரம்பிழைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

1921-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனிச்சிறப்புடையது. கனடா நாட்டு டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் மக்லியாடின் ஆய்வகத்தில் இன்சுலினைப் பிரித்தெடுக்க முனைந்தது அவ்வாண்டில்தான். அதே ஆண்டில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி வேறொரு புதுமையை வெளியிட்டார். அவர் ஒரு தவளையின் இதயத்தை மெல்லத் துடிக்கச் செய்யும் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அவ்விதயம் கிடந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே தீண்டாத அந்த இதயமும் மெல்லத் துடித்தது! நரம்பு தன் முனையில் ஓர் இரசாயனப் பொருளை உமிழ்ந்து பேசுகிறது என்பது இவ்வாறு வெளிப்பட்டது. அப்பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர் உறுதியாயிற்று. முதல் இரவில் கனவில் தோன்றிய இச்சோதனையைக் குறித்து வைத்தும், காலையில் தம் கையெழுத்தே தமக்கு விளங்காமற் போயிற்று என்றும், மறுநாள் இரவு மீண்டும் தோன்றவே எழுந்து ஆய்வகத்திற்கு ஓடினார் என்றும் அவரே கூறியுள்ளார்.

வேகஸ் என்னும் லத்தீன் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். மூளையில் புறப்பட்டு நெஞ்சு, வயிறு என நெடுந்தொலைவு சென்று குடியேறும் அந்நரம்பு (நம்மினத்தைச் சேர்ந்தது எனலாம்) கணையத்தையும் எட்டுகிறது. ஆயினும் அது அங்கு இன்சுலினைத் தூண்டுகிறதா என அறிய வழியில்லை. இரத்தத்தில் உள்ள மிக நுண்ணிய அளவு இன்சுலினை அளக்கும் கருவியே அன்று இல்லை. 1960-இல் நியூயார்க்கில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகியோர் கதிரியக்கத்தின் துணைகொண்டு அதனை அளக்கும் முறையை விரிவாக வெளியிட்ட பின்னரே வழி திறந்தது.

அதன்பின் முடிவுகள் விரைந்து வந்தன. 1964-இல் கூர், ராண்டில் ஆகியோர், உடலினின்று பிரித்த முயல் கணையத்தில், அட்ரினலின் இன்சுலினைத் தடுப்பதைக் கண்டனர். 1966-இல் டேனியல் போர்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் மனிதரிடத்தும் அதனைக் காட்டினர். 1967-இல் நாய்களின் வேகஸ் நரம்பைத் தூண்டியபோது இன்சுலின் உயர்ந்தது. அசிட்டைல்கோலின் முடுக்குகிறது, அச்சமும் கடும் உழைப்பும் நேரும்போது வரும் நார் அட்ரினலின் அடக்குகிறது. ஓடித் தப்ப வேண்டிய வேளையில் சர்க்கரையைச் சேமிப்பில் அடைப்பது பொருந்தாதன்றோ! இங்கு ஒன்று கருதத்தக்கது: அசிட்டைல்கோலின் தானாக ஆணையிடுவதில்லை. இரத்தத்தில் சர்க்கரை போதிய அளவில் இருக்கும்போதே அது இன்சுலினை மிகுவிக்கிறது.

நரம்பே தலைவன் எனக் கொள்வதற்கும் இடமில்லை. 1966 டிசம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கணையம் முதன்முதலாக ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றி வைக்கப்பட்டது. மாற்றிவைத்த கணையத்தின் நரம்புகள் அறுபட்டவையே. எனினும் அது சர்க்கரைக்கு ஏற்ப இன்சுலின் சுரக்க வல்லது.

மூளையில் வழங்கும் காபா என்னும் தூதுப்பொருளும் தீவுகளில் காணப்பட்டது. இன்சுலின் சுரக்கும் பீட்டா உயிரணுக்களே அதனையும் ஆக்குகின்றன. அது அண்டையிலுள்ள ஆல்பா உயிரணுக்களை அடக்குவதை 1989-இல் அறிந்தனர். அதற்கடுத்த ஆண்டு வந்த செய்தி நோயாளிகளை நேரே தொடுவது. காபாவை ஆக்கும் நொதியையே, முதல் வகை நீரிழிவில், உடலின் காப்புப்படை பகையெனக் கருதித் தாக்குகிறது. இந்நொதிக்கு எதிரான பொருள் இரத்தத்தில் உள்ளதா என்னும் சோதனை, ஒருவரது நீரிழிவு எவ்வகையினது என மருத்துவர் தெளிய இன்று உதவுகிறது.

இனி 2011-ஆம் ஆண்டு. மயாமி நகர ஆய்வாளர் மனிதக் கணையத் தீவுகளை எலியின் தீவுகளோடு ஒப்பிட்டனர். எலியின் தீவில் நரம்பிழைகள் உயிரணுக்களை நேரே தொட்டுச் சென்றன. மனிதத் தீவிலோ அவை அரிதாயிருந்தன; இருந்தவையும் பெரும்பாலும் இரத்தக் குழாய்களைப் பற்றியே ஓடின. ஆயினும் மனிதத் தீவில் அசிட்டைல்கோலினுக்குக் குறைவில்லை. அதனைச் சுரந்து பீட்டா உயிரணுவை விழிப்புடன் நிறுத்துவது நரம்பன்று, அருகிலிருக்கும் ஆல்பா உயிரணுவே என அவர்கள் அறிவித்தனர்.