காதால் கேட்ட ஹர்லிங், கண்ணால் பார்க்கும் ஹர்லிங்

அயர்லாந்தை விட்டுப் போனவர்கள் ஹர்லிங்கை விடவில்லை. அன்று வானொலியில் கேட்டார்கள். இன்று இணைய நேரலையில் பார்க்கிறார்கள். பார்ப்பதுதானே மேல் என்று கேட்கத் தோன்றும். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு 15 பேர், ஆளுக்கொரு ஆஷ் மரத்து மட்டை. ‘ஸ்லிட்டர்’ எனப்படும் தோல் பந்து உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைத் தரையிலும் அடிக்கலாம், அந்தரத்திலும் அடிக்கலாம், மட்டை நுனியில் ஏந்திக்கொண்டே ஓடவும் செய்யலாம். கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், 3 புள்ளி. சட்டத்துக்கு மேலே போனால் 1 புள்ளி.

1926 ஆகஸ்ட் 29 அன்று, டப்ளினின் 2ஆர்என் வானொலி கில்கெனி–கால்வே அரையிறுதியைக் குரோக் பார்க் மைதானத்திலிருந்து நேரடியாக வருணித்தது. ஒலிவாங்கி முன் இருந்தவர் பி.டி. மெஹிகன் என்ற பத்திரிகையாளர். 1938இல் மைக்கேல் ஓ'ஹேர் வந்தார். அவரை அடுத்து, 2010 வரை மீஹால் ஓ மூர்ஹர்தி. இரண்டு தலைமுறைக்கு ஹர்லிங் என்றாலே இந்த இரு குரல்கள்தான். லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் கட்டட வேலைக்குப் போனவர்கள் ஞாயிறு பிற்பகலில் வானொலியைத் திருகிவைத்துக் காத்திருந்ததும் இந்தக் குரல்களுக்காகத்தான்.

அவர்களுக்குப் படம் தேவைப்படவில்லை. வருணனையாளர் ‘அறுபத்தைந்து’ என்று சொன்னால் போதும். தற்காப்பு வீரர் பந்தைத் தன் பக்க எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டார், 65 மீட்டர் கோட்டிலிருந்து எதிரணி அடிக்கப்போகிறது என்பது கேட்டவருக்கு விளங்கிவிடும். மனதில் விரிந்தது குரோக் பார்க்கா, சிறுவயதில் தான் ஆடிய ஊர் மைதானமா என்பது வேறு விஷயம். அந்த மைதானத்தைப் பார்க்காதவர் காதில் அதே வருணனை வெறும் கூச்சல். வானொலி போனவர்களைக் கட்டிவைத்தது. புதிதாக ஒருவரையும் பெரிதாக இழுத்ததாக நான் நம்பவில்லை.

அந்த வேலையை நேரலை செய்கிறது. ஆர்டிஇ ஒலிபரப்பு நிறுவனமும் ஜிஏஏ விளையாட்டுச் சங்கமும் 2014இல் தொடங்கிய ‘ஜிஏஏகோ’ சேவை, சந்தா கட்டினால் எந்த நாட்டுக்கும் ஆட்டத்தைக் கொண்டுவந்தது. அயர்லாந்தில் பாட்டி வீடுகூட இல்லாதவர்களும் ரசிகர்களானார்கள். ஆனால் திரையிலும் பந்து சுலபத்தில் சிக்காது. மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும்போது கேமராவே தடுமாறும். மட்டை சுழல்வது தெரியும். பிறகு கம்பத்தருகே வெள்ளை அங்கி அணிந்த நடுவர் கொடியை உயர்த்துவார். வெள்ளைக்கொடி என்றால் புள்ளி, பச்சை என்றால் கோல். புது ரசிகர் ஆட்டம் கற்பது பெரும்பாலும் கொடி பார்த்துத்தான்.

நேரமும் படுத்தும். 2025 ஜூலை 20 இறுதியாட்டம் டப்ளினில் பிற்பகல் 3.30க்கு, சிட்னியில் அப்போது நள்ளிரவு 12.30. பாதி ஆட்டத்தில் டிப்பரரியைவிடக் கார்க் அணி 6 புள்ளி முன்னிலை. காலையில் வேலைக்குப் போகவேண்டுமே என்று அந்த நேரத்தில் மடிக்கணினியை மூடிப் படுத்த ரசிகர் யாராவது இருந்தால், விடிந்ததும் கண்ணைக் கசக்கித்தான் பார்த்திருப்பார்: டிப்பரரி 3-27, கார்க் 1-18. கோலை மூன்றால் பெருக்கிக்கொண்டால் 36க்கு 21. இரண்டாம் பாதி முழுக்க கார்க் எடுத்தது இரண்டே புள்ளி! வானொலிக் காலத்து ஆளாக இருந்தால் பெட்டியை அணைத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆறு புள்ளி என்பது இரண்டே கோல் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வானொலிக்கும் முடிவு வந்தது. பிரிட்டன்வரை எட்டிய ஆர்டிஇயின் நெட்டலை 252 வானொலி ஒலிபரப்பை 2014இலேயே நிறுத்தப் பார்த்தார்கள். அங்கிருந்த அயர்லாந்து முதியவர்கள் எதிர்த்ததால் தள்ளிப்போட்டு, கடைசியில் 2023 ஏப்ரல் 14 அன்று நிறுத்தினார்கள். அந்த ஜூலையில் லிமெரிக் அணி தொடர்ந்து நான்காவது முறையாகக் கோப்பையைத் தூக்கியபோது, லண்டன் வீடுகளின் பழைய நெட்டலைப் பெட்டிகளில் அது ஒலிக்கவில்லை. லிமெரிக் தூக்கியது லியாம் மெக்கார்த்தி கோப்பை. அந்த மெக்கார்த்தி, கார்க்கிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர்.