பலகை படுத்திருக்கிறதா, நிற்கிறதா?

மாதிரி ரயில் உலகில் பரவலாகப் புழங்கும் ஹெச்ஓ அளவில், 87 அடி நீளக் கட்டடம் ஒரே அடிக்குள் அடங்கிவிடும். நிஜச் சுவரில் 4 அங்குலம் வெளியே தெரியும் பலகை அங்கே 1.2 மில்லிமீட்டர்கூட வராது. அவ்வளவு சிறிய கோட்டுக்காகவும் அமெரிக்க மாதிரிக் கலைஞர்கள் மெனக்கெடுகிறார்கள். கட்டுவது ஸ்டேஷனோ கிடங்கோ சுரங்கக் கொட்டகையோ, அதன் சுவரில் பலகைகள் கிடையாக ஓட வேண்டுமா, செங்குத்தாக நிற்க வேண்டுமா என்பதை மரத்தை வெட்டுவதற்கு முன்பே அவர்கள் முடிவு செய்தாக வேண்டும். மூன்று நூற்றாண்டுத் தச்சு வேலை அந்த முடிவுக்குள் இருக்கிறது.

தச்சர்களின் விதி எளிமையானது. பலகை தன்னைத் தாங்கும் சட்டங்களுக்குக் குறுக்கேதான் ஓடும். அப்போதுதான் ஒவ்வொரு சட்டத்திலும் ஆணி அடிக்க முடியும். ஆகவே பலகையின் திசையைப் பார்த்தால் உள்ளே மறைந்திருக்கும் எலும்புக்கூட்டை ஊகித்துவிடலாம்.

17ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள், ஒன்றன் விளிம்பை மற்றொன்று மூடும்படி பலகைகளைக் கிடையாக அடுக்கும் முறையைத் தங்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்தார்கள். கிளாப்போர்டு எனப்படும் இந்த முறையில் மழைநீர் ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்கு வழிந்து கீழே இறங்கிவிடும். அடிப்பலகை உளுத்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். 1830களில் சிகாகோவில் பலூன் ஃபிரேம் என்ற கட்டுமானம் பரவியபோது கிடைப்பலகைக்கு இன்னும் வலுவான காரணம் கிடைத்தது. கனத்த தூண்களின் இடத்தை, பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் நிறுத்திய மெல்லிய சட்டங்கள் பிடித்துக்கொண்டன. நெருக்கமாக நிற்கும் அந்தச் சட்டங்களின் குறுக்கே பலகை அடிப்பது சுலபம்.

களஞ்சியங்களின் கதை வேறு. அங்கே பெரிய தூண்கள் தள்ளித் தள்ளி நின்றன; அவற்றை இணைத்த உத்தரங்கள் கிடையாகப் போயின. அதனால் பலகைகள் நிமிர்ந்து நின்றன. பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளை மூட மெல்லிய ரீப்பர்களை அடித்தால் அதுவே போர்டு அண்ட் பேட்டன் சுவர். களஞ்சியத்துக்கு உரியதாக இருந்த இந்தத் தோற்றத்தைக் கௌரவமான வீடுகளுக்கும் பரிந்துரைத்தவர் எழுத்தாளர் ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங். வீட்டைத் தாங்கும் முதன்மை மரங்கள் செங்குத்தானவை, வெளிப்பலகையும் அதையே சொல்ல வேண்டும் என்று 1850இல் வெளியான தமது நூலில் அவர் வாதிட்டார். அவர் சொன்னபடி கட்டிய தச்சர்கள், ஆணி பிடிப்பதற்காகத் தூண்களுக்கு நடுவே கிடைச்சட்டங்களைப் பொருத்த வேண்டியிருந்தது.

மேற்கே சுரங்க ஊர்களில் அழகியல் பேச நேரமில்லை. அவசரமாக எழுந்த பல வீடுகளில் இடைச்சட்டங்களே கிடையாது. அடியில் ஒரு சட்டம், மேலே ஒரு சட்டம். இரண்டையும் இணைத்து ஆணியடித்த செங்குத்துப் பலகைகளே சுவர், அவையே கூரையின் பாரத்தையும் தாங்கின. ரயில் கம்பெனிகளும் சிக்கனம் பார்த்தன. பாதையோரக் கருவிக் கொட்டகைக்குப் பலகையும் ரீப்பரும் போதும். பயணிகள் வந்து போகும் ஸ்டேஷனுக்கு இரண்டு திசைகளையும் கலந்த கட்டடங்கள் உண்டு: ஜன்னலுக்குக் கீழே செங்குத்துப் பலகை, மேலே கிடைப்பலகை.

மாதிரிக் கலை அமைப்பாகத் திரண்டது 1930களில். மாடல் ரெயில்ரோடர் இதழ் 1934இல் மில்வாக்கியில் தொடங்கியது. தேசிய மாதிரி ரயில் சங்கம் அடுத்த ஆண்டே உருவானது. பிறகு, பலகைகளைப் போலத் தோன்றக் கோடு கீறிய பாஸ்வுட் மரத் தகடுகள் கடைக்கு வந்தன. 1967இல் ஜார்ஜ் செலியோஸ் தொடங்கிய ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ், வெயிலிலும் மழையிலும் அடிபட்ட மரக் கட்டடங்களின் மாதிரித் தொகுப்புகளால் பெயர் பெற்றது. கோடு கீறிய தகடுகளில் மரத்தின் நார் கீறலின் திசையிலேயே ஓடும். சாயம் பட்டால் தகடு நாருக்குக் குறுக்குவாட்டில் வளையும். அதைத் தடுக்கப் பின்புறம், கீறலுக்குச் செங்குத்தாகக் கட்டைகளை ஒட்டுகிறார்கள். நிஜக் கட்டடத்தில் தச்சர் சட்டம் வைத்த அதே திசையில்தான் மாதிரியிலும் கட்டை போய்ச் சேர்கிறது.

பழமையைக் காட்டுவதிலும் திசை முக்கியம். நிற்கும் பலகையின் வெட்டுமுனை தரையோரம் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அதன் கால் முதலில் உளுக்கும். கிளாப்போர்டில் ஆணி கழன்று ஒரு பலகை தொங்கினால் கோடு சரிந்து தெரியும். ஆணித் தலைகளுக்காக ஊசியால் புள்ளி குத்துபவர்கள், கிடைப்பலகைச் சுவரில் 4.7 மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் செங்குத்து வரிசைகள் போடுகிறார்கள்; அது ஹெச்ஓ அளவில் 16 அங்குலம். செங்குத்துப் பலகை என்றால் புள்ளிகள் கிடைவரிசையில் வரும். சந்தேகம் எழுந்தால் பார்க்க, அமெரிக்க அரசு 1933இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டட ஆய்வின் அளவு வரைபடங்கள் இருக்கின்றன. காங்கிரஸ் நூலகம் அவற்றை எவருக்கும் இலவசமாகத் தருகிறது.