பசியை அறிவிக்கும் உரிமை: பஞ்ச விதித்தொகுப்பு முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வரை

முன்னுரை

இந்தியாவில் பஞ்சங்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் நெடுங்காலம் மழைப்பொழிவு, விளைச்சல், தானிய வாணிகம், போக்குவரத்து ஆகியவற்றையே முதன்மைக் காரணங்களாகக் கொண்டனர். நாட்டில் உணவு இருந்தும் அதனைப் பெறும் ஆற்றலை இழந்தவர்கள் மடிகின்றனர் என்பதை அமர்த்தியா சென் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் நிறுவிய பின்னர் இவ்வாய்வு புதிய திசையில் சென்றது. எனினும், இவற்றோடு இணைத்து எண்ணத்தக்க மற்றொரு வினாவும் உண்டு. ஓரூரில் பசி நிலவுகிறது என்று அறிவிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே அவ்வினா. பசித்தவன் தன் பசியை உணர்ந்த நாளுக்கும், அரசு அதனை ஏற்றுக்கொண்ட நாளுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே பெரும்பாலான உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. அவ்விடைவெளியைக் குறைத்த கொள்கைகளே பயன் விளைத்தன என்பதை 1876 முதல் 2013 வரையிலான நிகழ்ச்சிகள் சிலவற்றின் வழி விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

தாது ஆண்டுப் பஞ்சமும் கூலிப் பூசலும்

1876-78ஆம் ஆண்டுகளில் சென்னை, பம்பாய் மாகாணங்களையும் மைசூர், ஐதராபாத் பகுதிகளையும் வாட்டிய பஞ்சத்தைத் தமிழ் மக்கள் 'தாது வருடப் பஞ்சம்' என்று வழங்கினர். இப்பஞ்சத்தில் மாண்டோர் தொகை 50 இலட்சத்திற்கும் மேற்பட்டது என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு.

இதற்கு முன்னர் 1873-74இல் பீகாரில் பஞ்சம் தோன்றியபோது, அங்குப் பொறுப்பிலிருந்த சர் ரிச்சர்டு டெம்பிள் பர்மாவிலிருந்து பெருமளவு அரிசியை வரவழைத்து வழங்கினார். உயிரிழப்பு மிகச் சிறிதாயிற்று. ஆயினும், செலவு மிகுந்துவிட்டது என்ற கண்டனத்திற்கே அவர் ஆளானார். அதே டெம்பிளை 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லிட்டன் பிரபு தென்னகத்திற்கு அனுப்பினார். இம்முறை சிக்கனமே அவருக்கு இடப்பட்ட பணி. நிவாரண வேலைகளில் உழைத்த ஆண்மகன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதுமென அவர் வரையறுத்தார். 'டெம்பிள் கூலி' என்று வரலாற்றில் பெயர்பெற்ற இவ்வளவை, சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டபிள்யூ. ஆர். கார்னிஷ் வன்மையாக எதிர்த்தார். உடலுழைப்பில் ஈடுபடுவோர்க்குத் தானியத்தின் அளவைக் கூட்டுவதோடு புரதம் தரும் உணவும் சேர வேண்டும் என்பது அவர்தம் வாதம். சில மாதங்களுக்குப் பின் சென்னையில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் இழப்பு நேர்ந்துவிட்டது.

இப்பூசல் இரண்டு உயர் அலுவலர்களுக்கு இடையே எழுந்தது என்பது கருதத்தக்கது. பசித்தவர்களின் சொல் அதில் இடம்பெறவில்லை. ஆனால், பம்பாய் மாகாணத்தில் நிலைமை சற்று வேறுபட்டிருந்தது. கூலி குறைக்கப்பட்டதும் அங்குத் தொழிலாளர்கள் நிவாரண வேலைகளை விட்டு வெளியேறினர். புனே சார்வஜனிக் சபை கிராமங்களிலிருந்து செய்திகளைத் திரட்டி அரசுக்கு விண்ணப்பித்தது. பசியைப் பற்றிய செய்தியைப் பசித்தவர் பக்கத்திலிருந்து தொகுத்தளித்த தொடக்கக்கால முயற்சிகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

இப்பஞ்சக் காலத்தில் சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி நிவாரண வேலையாக வெட்டப்பட்டுக் கூவமும் அடையாறும் இணைக்கப்பட்டன. கட்டுமானம் நிலைத்தது, அதனை வெட்டியோர் உண்ட கூலியின் அளவு குறித்த பூசலை இன்று நினைவுகூர்வார் அரியர்.

விதித்தொகுப்பின் ஆக்கமும் எல்லையும்

பேரிழப்பிற்குப் பின் சர் ரிச்சர்டு ஸ்டிரேச்சியின் தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் அடிப்படையில் 1883இல் மாகாணங்களுக்கு மாதிரியாகப் பஞ்ச விதித்தொகுப்பு உருவாக்கப்பட்டது. மழை பொய்த்தல், விலையேற்றம், மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்தல் முதலிய அறிகுறிகளை மாவட்ட அலுவலர்கள் தொடர்ந்து நோக்க வேண்டும். ஐயம் தோன்றின் சோதனைப் பணிகளைத் தொடங்க வேண்டும். குறைந்த கூலிக்கும் மக்கள் திரளாக வந்தால் பஞ்சம் என உறுதிசெய்து நிவாரணத்தை விரிவாக்க வேண்டும். உழைக்க இயலாத முதியோர், நோயாளர் ஆகியோர்க்கு ஊர்தோறும் பட்டியல் எழுதி இலவச உதவி வழங்க வேண்டும் என்பன அதன் சாரம்.

உலகில் எழுத்து வடிவில் அமைந்த முற்காலப் பஞ்சத் தடுப்பு விதிகளுள் இது குறிப்பிடத்தக்கது. செயல் தாமதமாவதற்கு அலுவலரின் மனப்போக்கு காரணமாகாதவாறு, இன்ன அறிகுறிக்கு இன்ன நடவடிக்கை என முன்னரே வகுத்தமை இதன் சிறப்பு. ஆனால், இதன் எல்லையும் தெளிவானது. இது நிர்வாக அறிவுரைத் தொகுப்பேயன்றி, நீதிமன்றத்தில் குடிமகன் எடுத்துக்காட்டி நிவாரணம் கோரத்தக்க சட்டமன்று. பஞ்சத்தை அறிவிக்கும் திறவுகோல் முழுவதும் அரசின் கையிலேயே இருந்தது. அறிவிக்காமல் விட்டுவிட்டால் விதித்தொகுப்பு வெறும் ஏடாகவே நின்றுவிடும். இவ்வாய்ப்பு வங்கத்தில் மெய்யாயிற்று.

வங்கம், 1943: அறிவிக்கப்படாத பஞ்சம்

1942இல் பர்மா சப்பானியர் வசமானதும், அவ்வாண்டு அக்டோபரில் மேதினிபூர்ப் பகுதியைப் புயல் தாக்கியதும், போர்க்கால விலையேற்றமும், கடலோர மாவட்டங்களில் படகுகள் பறிமுதல் செய்யப்பட்டதும் வங்கத்தின் ஏழை மக்களை நிலைகுலையச் செய்தன. கல்கத்தாவின் போர்த் தொழிலகங்களுக்கு உணவளிப்பதில் அரசு முதன்மைக் கவனம் செலுத்தியது. ஊர்ப்புற உழவுக் கூலிகளும் மீனவர்களும் கைவினைஞர்களும் சந்தையில் அரிசி வாங்க இயலாதவராயினர்.

விதித்தொகுப்பு நடைமுறையில் இருந்தும் அரசு பஞ்சத்தை அறிவிக்கவில்லை. விதித்தொகுப்பில் கூறிய அளவு உணவை வழங்கும் நிலையில் அரசு இல்லாமையால் அதனைச் செயற்படுத்தவில்லை என்ற கருத்தை வங்க ஆளுநர் 1943 அக்டோபரில் அரசப் பிரதிநிதிக்கு எழுதினார். அறிவித்தால் உணவளிக்கும் கடமை எழும். கடமையைத் தவிர்க்க அறிவிப்பே தவிர்க்கப்பட்டது என்பது இதனால் விளங்கும். அதே மாதம் பிறப்பித்த அவசரச் சட்டம், நகரில் திரிந்தோரைக் 'கதியற்றோர்' எனக் குறித்து அவர்களை அப்புறப்படுத்த வழிவகுத்தது. 'பஞ்சத்தால் தாக்குண்டோர்' எனின் அவர்க்கு உதவி உரியதாகும். 'கதியற்றோர்' எனின் அவர் இருப்பிடமே சிக்கலாகும். ஆட்சிமொழியில் ஒரு சொல்லின் தேர்வு எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இது சான்று.

1943 ஆகஸ்டில் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் வெளியிட்ட புகைப்படங்களே உண்மையை வெளியுலகிற்கு உணர்த்தின. 1945இல் அறிக்கை அளித்த விசாரணை ஆணையம் மாண்டோர் தொகையை 15 இலட்சம் என்றது. பிற்கால ஆய்வாளர் பலர் அதனை ஏறத்தாழ 30 இலட்சமாக மதிப்பிடுகின்றனர்.

மகாராஷ்டிரம்: நீக்கப்பட்ட சொல்லும் எழுந்த உரிமையும்

விடுதலைக்குப் பின்னரும் அறிவிப்பு அரசியல் சார்ந்ததாகவே இருந்தது. பீகாரின் வறட்சியில் 1967 ஏப்ரலில், தேர்தல் முடிந்து புதிய அமைச்சரவை பொறுப்பேற்ற பின்னரே, பஞ்சம் முறையாக அறிவிக்கப்பட்டது. மகாராஷ்டிரத்திலோ 1963இல் மாநிலச் சட்டங்களிலிருந்து 'பஞ்சம்' என்ற சொல்லையே நீக்குவதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாகத் 'தட்டுப்பாடு' எனப் பொருள்படும் சொல் இடம்பெற்றது.

சொல் நீங்கிய பின் பத்தாண்டு கழியுமுன்னரே 1970-73இல் அம்மாநிலத்தைக் கடும் வறட்சி தாக்கியது. ஆயினும், வங்கத்தில் நேர்ந்தது அங்கு நேரவில்லை. 1973ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் நிவாரண வேலைகளில் ஈடுபட்டிருந்தனர். ஊர்தோறும் எழுந்த ஊர்வலங்களும் முற்றுகைகளும், சட்டமன்றத்தில் எழுந்த வினாக்களும், நாளிதழ்ச் செய்திகளும் வேலைத் தளங்களைத் திறக்குமாறு அரசை நெருக்கின. வேலை கோரி வந்த மக்களின் எண்ணிக்கையே அங்கு அறிவிப்பாயிற்று.

இப்பட்டறிவும், வி. எஸ். பாகே சாங்லி மாவட்டத்தில் 1965 முதல் மேற்கொண்ட முயற்சியும் மகாராஷ்டிர வேலை உறுதித் திட்டத்திற்கு அடிப்படையாயின. 1977இல் நிறைவேறிய சட்டம் 1979 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. ஊரக மக்களுள் வயதுவந்தோர் எவரும் உடலுழைப்பு வேலை கோரலாம். 15 நாள்களுக்குள் அது தரப்படாவிடின் உதவித்தொகை பெறலாம் என்றது அச்சட்டம். இதற்கான நிதிக்கென நகர்ப்புற ஊழியர்களிடம் தொழில்வரி தண்டப்பட்டது. விதித்தொகுப்பின் 'சோதனைப் பணி' என்ற கருத்தே இங்குத் தலைகீழாயிற்று. முன்னர் அரசு மக்களைச் சோதித்தது. இப்போது வேலை கோரும் விண்ணப்பத்தின் வழி மக்கள் அரசைச் சோதித்தனர். குறைந்த கூலியும் காலந்தாழ்ந்த ஊதியமும் இத்திட்டத்தின் குறைகளாகத் தொடர்ந்தன என்பதையும் ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும்.

நிரம்பிய கிடங்குகளும் நீதிமன்றமும்

2001ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் அரசுக் கிடங்குகளில் இருந்த தானியம் ஏறத்தாழ 6 கோடி டன். அவ்வேளையில் இராஜஸ்தான் வறட்சியில் வாடியது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் அவ்வாண்டு உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, உணவைப் பெறுதல் உயிர்வாழும் உரிமையின் கூறு என வாதிட்டது. இராஜஸ்தான் பஞ்ச விதித்தொகுப்பும் அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டமை வரலாற்று நோக்கில் குறிப்பிடத்தக்கது. அரசு தனக்கெனத் தானே எழுதிக்கொண்ட அறிவுரையைக் குடிமக்கள் அரசை நோக்கித் திருப்பினர்.

2001 நவம்பர் 28ஆம் நாள் வழங்கிய இடைக்கால ஆணையில், அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவை ஆண்டிற்கு 200 நாள்களேனும் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களைப் பணித்தது. உணவில் 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் இருத்தல் வேண்டும் எனவும் வரையறுத்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 1920களில் சிறிய அளவில் தொடங்கி, 1956இல் காமராசர் ஆட்சியிலும் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் விரிவடைந்த நடைமுறை, இவ்வாறு நாடு முழுமைக்கும் கட்டளையாயிற்று. அதுவரை அரசின் அருளாகக் கருதப்பட்ட நலத்திட்டங்கள் உரிமைகளாக மாறின.

2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் மகாராஷ்டிரத்தின் நெறியை நாடு முழுமைக்கும் விரித்தது. ஊர் மக்கள் கணக்குகளைத் தாமே ஆராயும் சமூகத் தணிக்கையையும் அது புகுத்தியது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஊரகத்தில் 75 விழுக்காட்டினர் வரையும் நகரத்தில் 50 விழுக்காட்டினர் வரையும் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் பெற வழிசெய்தது. தானியம் கிட்டாவிடின் அதற்கு ஈடாகப் பணம் கோரும் உரிமையும் அதில் உண்டு. ஆயின், பயனாளிகளின் உச்ச வரம்பு 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அமைந்தது. 2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறாமையால், பெருகிய மக்கள்தொகைக்கேற்ப அவ்வரம்பு உயரவில்லை. பட்டியலில் பெயர் இல்லாதவரின் பசி, பழைய காலத்தில் அறிவிக்கப்படாத பஞ்சத்தைப் போன்றதே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் புலனாகின்றன. முதலாவது, பசித் தடுப்பு விதிகள் இருப்பது மட்டும் போதாது. அவற்றை இயக்கும் அதிகாரம் மறுப்பதால் ஆதாயம் அடைவோரிடம் இருப்பின் அவ்விதிகள் செயலிழக்கும். இரண்டாவது, பசித்தோர் தாமே கோரி அரசை இயங்கச் செய்த இடங்களில் இழப்பு குறைந்தது. மூன்றாவது, சட்டங்களின் பெயரும் வடிவும் காலந்தோறும் மாறும். எனவே ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கோரும் உரிமை மக்களிடம் எஞ்சுகின்றதா என்பதை நோக்குதல் வேண்டும்.

இவற்றின் அடிப்படையில் உள்ளூர் நிலையில் சில நடவடிக்கைகள் தேவைப்படுகின்றன. உணவு பெறுவோர் பட்டியலும் விடுபட்டோர் பட்டியலும் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். விடுபட்டவரைச் சேர்க்குமாறு பரிந்துரைக்கும் அதிகாரம் அச்சபைக்கு வேண்டும். அப்பரிந்துரை மறுக்கப்படின், காரணத்தை எழுத்தில் தரும் கடமை அலுவலர்க்கு வேண்டும். நியாயவிலைக் கடையின் இருப்பும் வழங்கலும் அவ்வூர் மொழியில் அனைவரும் காண எழுதப்பட வேண்டும். பட்டினி குறித்த முறையீடு வந்தவுடன், முதலில் உணவும் பின்னர் விசாரணையும் என்ற வரிசை விதியாக்கப்பட வேண்டும். 1877இல் கூலியின் அளவைப் பற்றி அலுவலர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த மாதங்களில் மடிந்தோரின் வரலாறு வற்புறுத்துவது இவ்வரிசையையே.